'பரவாயில்லை' என்ற சொல்லுக்குப் பின்னால்: உறவை மையமாகக் கொண்ட உளச்சிகிச்சை எப்படி வேலை செய்கிறது

ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். நாற்பதை நெருங்கும் பெண். வேலையில் கெட்டிக்காரர், எல்லோருக்கும் வேண்டியவர், யாரிடமும் எதையும் கேட்காதவர். தூக்கம் வருவதில்லை, காரணம் தெரியாமல் அழுகை வருகிறது என்று ஒரு சிகிச்சையாளரிடம் வர ஆரம்பித்து ஏழெட்டு வாரம் ஆகிறது. அன்றுதான் முதல்முறையாக அப்பாவைப் பற்றிப் பேச்செடுக்கிறார். இரண்டு வாக்கியம் சொல்லியிருப்பார். எதிரே இருப்பவரின் கண் ஒரு நொடி சுவர்க் கடிகாரத்துக்குப் போய்த் திரும்புகிறது.

"சரி, அது பழைய கதை விடுங்க. இந்த வாரம் ஆபீஸ்ல ஒரு பிரச்சினை..."

குரல் மாறவில்லை. முகத்தில் சிரிப்புகூட இருக்கிறது.

இந்த இடத்தில் சிகிச்சையாளர் செய்யக்கூடியவை பல. ஆபீஸ் பிரச்சினையைக் கேட்டு அதற்கு ஒரு வழி யோசிக்கலாம். "அப்பாவைப் பற்றி ஏதோ சொல்ல வந்தீங்களே" என்று பேச்சைத் திரும்ப இழுக்கலாம். தூக்கக் குறிப்பை எடுத்து எந்த இரவு எத்தனை மணி நேரம் என்று பார்க்கலாம். எதுவும் தப்பில்லை. ஆனால் இவர் அந்தக் கடிகார நொடியிலேயே நின்றுவிடுகிறார்.

"ஒரு நிமிஷம். நான் இப்போ கடிகாரத்தைப் பார்த்தேன். அப்போ உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"ஐயோ, அதெல்லாம் பரவாயில்லைங்க."

"சரி. அந்தப் பரவாயில்லைக்கு முன்னாடி?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே: "உங்களுக்குப் போரடிக்குதுன்னு தோணுச்சு. உங்க நேரத்தை எதுக்கு வீணாக்கணும்னு..."

அந்த அறையில் இதற்கப்புறம் என்ன நடந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். இதை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை முதலில் பார்ப்போம்.

இந்த வகைச் சிகிச்சைக்கு நீளமான பெயர்: ஒருங்கிணைந்த, உறவை மையமாகக் கொண்ட உளச்சிகிச்சை. பெயருக்குள் இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. ஒரே கொள்கையைப் பிடித்துத் தொங்காமல் பல மரபுகளிலிருந்து தேவையானதை எடுத்துக்கொள்வது ஒன்று. சிகிச்சையாளருக்கும் வருபவருக்கும் இடையில் உருவாகும் உறவையே வேலை நடக்கும் களமாக வைத்துக்கொள்வது மற்றொன்று. விளம்பரப் பலகைகளில் முதலாவதுதான் பெரிய எழுத்தில் இருக்கும். எனக்கு இரண்டாவதுதான் உயிர்நாடியாகப் படுகிறது. அதைப் புரிந்துகொண்டால் முதலாவது தன்னால் விளங்கிவிடும்.

மனம்விட்டுப் பேசினால் பாரம் இறங்கும் என்பது நமக்குத் தெரியாததா? தெரிந்ததுதான். சிக்கல் என்னவென்றால், சிகிச்சைக்கு வருபவர்களில் பலர் மனம்விட்டுப் பேச முடியாததால்தான் வருகிறார்கள். பேச அவர்களிடம் விஷயம் இருக்கிறது, சொல்லும் இருக்கிறது. பேசினால் எதிராளி என்ன செய்வார் என்பதற்கு ஒரு பழைய கணிப்பும் கூடவே இருக்கிறது. சலித்துக்கொள்வார், கோபப்படுவார், பாரமாக நினைப்பார், அல்லது கண்டும் காணாமல் போவார். வீட்டிலும் வேலையிலும் இருக்கும் அந்தக் கணிப்பு சிகிச்சை அறையின் வாசலில் செருப்போடு கழன்றுவிடாது. உள்ளேயும் வந்து உட்காரும்.

உட்காருகிறது என்பதற்குச் சான்று உண்டு. 2016இல் பிளான்சர்ட், ஃபார்பர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், சிகிச்சைக்குப் போன 547 பேரிடம், சிகிச்சையாளரிடம் எப்போதாவது பொய் சொன்னதுண்டா என்று கேட்டார்கள். உண்டு என்றவர்கள் 93 சதவீதம். பெரிய ரகசியங்களை மறைத்தவர்களும் அதில் இருந்தார்கள். ஆனால் பட்டியலில் முதலிடம் பிடித்த பொய் மிகச் சாதாரணமானது: எவ்வளவு மோசமாக இருக்கிறது என்பதைக் குறைத்துச் சொல்வது. பாதிக்கு மேற்பட்டவர்கள் அதைச் செய்திருந்தார்கள். காசு கொடுத்து, நேரம் ஒதுக்கி, உதவிக்கென்றே போன இடத்திலும் 'பரவாயில்லை'.

சிரித்த முகத்துக்குள் ஓடும் இதயம்

இந்தப் பரவாயில்லை எங்கிருந்து வருகிறது? ஜான் பௌல்பி என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் முன்வைத்த பிணைப்புக் கோட்பாடு இதற்கு நல்ல விடை தருகிறது. குழந்தை தன்னைப் பார்த்துக்கொள்பவரோடு ஒட்டிக்கொள்வது பாலுக்காக மட்டும் என்று அதுவரை நினைத்திருந்தார்கள். ஆபத்தில் ஓடிவந்து பற்றிக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்பதே தனித்த உயிர்த்தேவை என்றார் பௌல்பி. 1969இல் தொடங்கி மூன்று பெரிய தொகுதிகளாக இதை எழுதினார்.

அவரோடு வேலை செய்த மேரி எய்ன்ஸ்வொர்த் இதைச் சோதனைக்குக் கொண்டுவந்தார். ஒரு வயதை ஒட்டிய குழந்தை, தாய், பழகாத அறை, கொஞ்சம் பொம்மைகள். தாய் சில நிமிடம் வெளியே போய்த் திரும்பி வருகிறார். அழுத குழந்தைகளில் பெரும்பாலானவை தாய் வந்ததும் தேறி மறுபடி விளையாடப் போயின. சில குழந்தைகள் எவ்வளவு தூக்கி வைத்தாலும் அடங்கவில்லை. இன்னும் சில, தாய் போனபோதும் அழவில்லை, வந்தபோதும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. பொம்மையில் மும்முரமாக இருந்தன. பார்த்தால் சமர்த்துக் குழந்தைகள்.

1977இல் ஸ்ரூஃப், வாட்டர்ஸ் என்ற இருவர் இந்தச் சமர்த்துக் குழந்தைகளின் இதயத் துடிப்பைக் கவனித்தார்கள். வெளியே அமைதி, உள்ளே படபடப்பு. அழுத குழந்தைகளைப் போலவே இவர்களுக்கும் இதயம் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. அழுதால் யாரும் வரமாட்டார்கள் என்றோ, அழுதால் வருபவரும் விலகிப் போவார் என்றோ ஒரு வயதுக்குள் கற்றுக்கொண்ட குழந்தை, அழுகையை விழுங்கி, கையில் இருக்கும் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறது. அந்தச் சூழலுக்கு அது புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். அழாமல் இருந்தால் அம்மா பக்கத்திலாவது இருப்பார்.

முப்பத்தைந்து வருடம் கழித்தும் அதே ஏற்பாடு ஓடிக்கொண்டிருப்பதுதான் தொல்லை. எதிரே இருப்பவரின் கண் கடிகாரத்துக்குப் போகிறது, உள்ளே இதயம் ஓடுகிறது, வாய் "ஆபீஸ்ல ஒரு பிரச்சினை" என்கிறது.

கொடும்பாவியை எரித்து ஆகாது

உறவுக்குள் பழைய உறவு புகுந்துகொள்வதை முதலில் முறையாக எழுதியவர் சிக்மண்ட் ஃப்ராய்ட். நோயாளிகள் தங்கள் வாழ்க்கையின் பழைய பாசத்தையும் பகையையும் மருத்துவர்மேல் ஏற்றிவிடுவதை முதலில் இடைஞ்சலாகவே பார்த்தார். பிறகு அதுவே கருவி என்று கண்டுகொண்டார். ஆள் இல்லாத இடத்தில் கொடும்பாவியை எரித்து யாரையும் வீழ்த்த முடியாது என்ற பொருளில் 1912இல் எழுதினார். பழைய சிக்கலைப் பற்றி வெறுமே பேசினால் போதாது, அது இங்கே, இப்போது உயிரோடு எழுந்து நின்றால்தான் அதோடு மல்லுக்கட்ட முடியும்.

ஆனால் சிகிச்சையாளர் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும், தன்னைக் காட்டிக்கொள்ளக்கூடாது என்பதும் அவர் சொன்னதே. இந்த இடத்தில்தான் அவருடைய நெருங்கிய சகா, ஹங்கேரியைச் சேர்ந்த சாண்டோர் ஃபெரன்ஸி விலகினார். 1932இல் வீஸ்பாடன் மாநாட்டில் அவர் படித்த கட்டுரை அந்தக் காலத்துக்குத் துணிச்சலானது. நோயாளிகள் மருத்துவரின் சலிப்பையும் எரிச்சலையும் கச்சிதமாக மோப்பம் பிடித்துவிடுகிறார்கள், ஆனால் சொல்வதில்லை. மருத்துவரோ தொழில் மரியாதை என்ற பெயரில் அதை மறைக்கிறார். சிறுவயதில் புண்படுத்திவிட்டு ஒன்றுமே நடக்காதது போல இருந்த பெரியவர்களைத்தான் அந்தப் பாசாங்கு நினைவுபடுத்துகிறது. மாறாக, தன் பிழையை மருத்துவர் ஒத்துக்கொண்டபோது நோயாளியின் நம்பிக்கை வளர்ந்ததைப் பார்த்ததாக ஃபெரன்ஸி சொன்னார். ஃப்ராய்டுக்கு அந்தக் கட்டுரை பிடிக்கவில்லை. அடுத்த ஆண்டு ஃபெரன்ஸி இறந்துபோனார். ஆங்கிலத்தில் அது வர 1949 ஆயிற்று.

இன்னொரு பக்கத்திலிருந்து அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் வந்தார். மாற்றம் நடக்கச் சிகிச்சையாளரிடம் இருக்க வேண்டியவை என்று 1957இல் அவர் சொன்னவற்றில் மூன்று பிரபலம்: நிபந்தனை இல்லாத மதிப்பு, வருபவரின் கண்ணால் உலகைப் பார்க்கும் ஒத்துணர்வு, உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாமை. மூன்றாவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். எந்நேரமும் தலையாட்டிக்கொண்டு கனிவாக இருப்பது ரோஜர்ஸ் சொன்னதில் பாதிகூட இல்லை. அதே ஆண்டு மிஷிகன் பல்கலைக்கழக மேடையில் தத்துவவாதி மார்ட்டின் பூபர் அவரை மடக்கினார். சிகிச்சையாளரும் வருபவரும் சமம் என்கிறீர்கள், ஆனால் உதவி தேடி வருபவர்தான் உங்களிடம் வருகிறார், நீங்கள் அவரிடம் போவதில்லையே என்று. பூபர் சொன்னது நியாயமான கேள்வி. இந்தச் சமமின்மையை மறந்தால் என்ன ஆகும் என்பதைப் பிறகு பார்ப்போம்.

கடிகாரத்துக்குத் திரும்புவோம்

"உங்களுக்குப் போரடிக்குதுன்னு தோணுச்சு" என்று அந்தப் பெண் சொன்னார் அல்லவா. இப்போது சிகிச்சையாளர் இரண்டு விதமாகச் சறுக்கலாம். "சேச்சே, அப்படியெல்லாம் இல்லை" என்று அவசரமாகச் சமாதானம் சொல்வது ஒன்று. பெண் உணர்ந்ததைத் துடைத்துவிடும். "உங்க அப்பாவும் இப்படித்தான் உங்களைக் கவனிக்காம இருந்தாரா?" என்று உடனே பழைய காலத்துக்குத் தாவுவது இன்னொன்று, கேட்க அறிவார்ந்த கேள்விதான், ஆனால் தன் பங்கிலிருந்து நழுவும் வழி.

அவர் சொல்வது இது: "ஆமாம், பார்த்தேன். நீங்க அப்பாவைப் பற்றி ஆரம்பிச்சதும், மீதி இருக்கிற நேரத்துல இதை அவசரப்படுத்திடுவோமோன்னு பதறிட்டேன். உங்ககிட்ட சொல்லியிருக்கலாம், சொல்லல. நீங்க பாட்டுக்குப் பேச்சை மூடிட்டு, எனக்கு வசதியா இன்னொன்னைத் தந்தீங்க. அது உங்களுக்கு எவ்வளவு பழக்கமான வேலைன்னு இப்போ பார்க்கறேன்."

பெண்ணுக்குக் கண் கலங்குகிறது. அப்பாவைப் பற்றி அன்று பேசினார்களா, தெரியாது. பேசாவிட்டாலும் அன்றைக்கு வேலை நடந்துவிட்டது. எதிராளி சலித்துக்கொள்வார் என்ற கணிப்பு வாய்விட்டு வெளியே வந்தது. வந்த பிறகு எதிராளி சலித்துக்கொள்ளவில்லை, தற்காத்துக்கொள்ளவும் இல்லை. தன் பங்கைச் சொன்னார். அந்தப் பெண்ணின் வாழ்க்கையில் இது ஒருவேளை முதல்முறையாக இருக்கலாம். 1946இல் அலெக்சாண்டர், ஃப்ரெஞ்ச் என்ற இருவர் இதைத்தான் திருத்தும் உணர்வனுபவம் என்று அழைத்தார்கள். பழைய நிலைமை திரும்ப வரவேண்டும், ஆனால் முடிவு வேறாக இருக்க வேண்டும்.

ஜெரமி சாஃப்ரன், கிறிஸ்டோஃபர் முரன் என்ற இரு உளச்சிகிச்சை ஆய்வாளர்கள் இந்த மாதிரி நொடிகளையே பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். சிகிச்சை உறவில் விழும் விரிசலை இரண்டு வகையாகப் பிரித்தார்கள். நேரடியாக மோதுவது ஒரு வகை: "இதனால எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை." மற்றது பின்வாங்குவது: தலையாட்டுவது, பேச்சை மாற்றுவது, பொதுப்படையாகப் பேசுவது, சிரிப்பது. இரண்டாவதுதான் ஆபத்து, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாது. எல்லாம் நன்றாகப் போகிறது என்று சிகிச்சையாளர் நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஆள் வராமல் போய்விடுவார். 669 ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வந்த கணக்கின்படி, ஐந்தில் ஒருவர் சிகிச்சையைப் பாதியில் விடுகிறார்.

விரிசலே இல்லாத உறவு நல்ல உறவு என்று நினைக்கத் தோன்றும். எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் அந்த எண்ணத்தை மாற்றினார். 1970களில் அவர் செய்த சோதனை பிரசித்தம். கைக்குழந்தையோடு கொஞ்சி விளையாடும் தாய், ஆய்வாளர் சொன்னபடி, சட்டென முகத்தைக் கல்லாக்கிக்கொள்கிறார். குழந்தை சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, சத்தம் போடுகிறது, கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு தொய்ந்துவிடுகிறது. 'முகம் கொடுத்துப் பேசுவது' என்று நாம் சொல்கிறோமே, அது கிடைக்காமல் போனால் என்ன ஆகிறது என்பதை அந்த ஓரிரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஆனால் ட்ரோனிக் கண்ட இன்னொன்று அவ்வளவாக வெளியே பேசப்படவில்லை. சாதாரணமான, நல்ல தாய்சேய் விளையாட்டிலும் இருவரும் இசைந்திருக்கும் நேரம் ஏறத்தாழ 30 சதவீதம்தான். மீதி நேரமெல்லாம் ஒருவர் ஒரு பக்கம் பார்க்க, மற்றவர் வேறு பக்கம் பார்ப்பது, பிறகு மறுபடி சேர்ந்துகொள்வது. விலகினால் திரும்பச் சேரலாம் என்ற தெம்பை அந்தச் சேர்ந்துகொள்ளலில்தான் குழந்தை கற்கிறது. சிகிச்சையாளர் கடிகாரத்தைப் பார்க்காமலே இருந்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு இந்தப் பாடம் கிடைத்திருக்காது என்றுகூடச் சொல்லலாம். அதற்காக வேண்டுமென்றே பார்க்கச் சொல்லவில்லை.

கதம்பமா, கலப்படமா

சரி, 'ஒருங்கிணைந்த' என்ற பகுதிக்கு வருவோம். உளச்சிகிச்சையில் நூற்றுக்கணக்கான பிரிவுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் தன்னுடையதே சரி என்று நெடுங்காலம் சண்டை போட்டன. 1936லேயே சால் ரோசன்ஸ்வைக் என்ற உளவியலாளர் ஒரு சின்னக் கட்டுரையில், ஒன்றுக்கொன்று முரணான இத்தனை முறைகளும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தருகின்றன என்றால், எல்லாவற்றிலும் பொதுவாக ஏதோ ஒன்று வேலை செய்கிறது என்று சொல்லிவிட்டார். யாரும் அவசரப்பட்டுக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1970களில் மனம் மாறத் தொடங்கியது. 1983இல் ஒருங்கிணைப்புக்கென்றே ஒரு சங்கமும் உருவாயிற்று.

ஒருங்கிணைப்பவர்களிலும் பல வகை. ஆர்னால்ட் லாசரஸ் போன்றவர்கள், உத்தியை எங்கிருந்தும் கடன் வாங்கலாம், அதன் தத்துவத்தை வாங்க வேண்டியதில்லை என்றார்கள். ஸ்டான்லி மெஸ்ஸர், ஒரு வீட்டில் காலை ஊன்றிக்கொண்டு மற்ற வீடுகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே எடுத்துக்கொள் என்றார். இவற்றை விரிக்கவில்லை. எனக்கு மிகவும் பயனாகத் தோன்றுவது பால் வாக்டெல் 1977இல் சொன்னது. ஃப்ராய்டு மரபு பழசைத் தோண்டும், நடத்தைச் சிகிச்சை இன்றைய பழக்கத்தை மாற்றும், இரண்டும் எலியும் பூனையும் என்று இருந்த காலம் அது. வாக்டெல் இரண்டையும் ஒரு வட்டமாகப் பார்த்தார்.

நம் பெண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் தன்னைக் கவனிக்கமாட்டார்கள் என்று சிறுவயதில் கற்றுக்கொண்டார். அதனால் எதுவும் கேட்பதில்லை, எப்போதும் சிரித்த முகம். அதைப் பார்க்கும் கணவரும் சகாக்களும் 'இவருக்கு ஒன்றும் தேவையில்லை, தெம்பானவர்' என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அதனால் யாரும் கேட்பதில்லை. அதனால் அவருக்கு, பார்த்தாயா, யாருமே கவனிப்பதில்லை என்று உறுதியாகிறது. இதில் யாருமே வில்லன் இல்லை. பழைய காயம் பழைய காலத்தில் உறைந்து கிடக்கவில்லை, நேற்று சாயங்காலம் புதுசாக உற்பத்தியாகியிருக்கிறது.

வட்டத்தை எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம் என்பதுதான் இந்தப் பார்வையின் லாபம். அப்பாவோடு இருந்த வருடங்களைப் புரிந்துகொள்வது ஒரு வெட்டு. கடிகார நொடியில் நிற்பது ஒரு வெட்டு. இந்த வாரம் ஒரே ஒருவரிடம், ஒரு சின்ன உதவியை, மன்னிப்புக் கேட்காமல் கேட்டுப் பார்ப்பது இன்னொரு வெட்டு. இது சுத்தமான நடத்தைச் சிகிச்சை உத்தி. 'கேட்டால் பாரமாக நினைப்பார்கள்' என்ற எண்ணத்துக்கு ஆதாரம் என்ன என்று தாளில் எழுதிப் பார்ப்பது அறிவாற்றல் சிகிச்சையிலிருந்து வருவது. பேசும்போது தொண்டை இறுகுவதைக் கவனித்து அங்கேயே கொஞ்சம் தங்குவது உடல் சார்ந்த மரபுகளிலிருந்து வருவது. எதை எப்போது எடுப்பது? அதை முடிவு செய்வது அந்த நேரத்தில் உறவில் நடப்பது. எல்லோருக்கும் வேண்டியவரான இந்தப் பெண், வீட்டுப்பாடம் கொடுத்தால் அதையும் நூற்றுக்கு நூறு செய்து கொண்டுவந்து காட்டுவார். அப்போது வீட்டுப்பாடமே நோயின் பங்காகிவிடும். ஒரே உத்தி ஒருவருக்கு விடுதலையாகவும் இன்னொருவருக்கு வேலைச்சுமையாகவும் ஆவது இப்படித்தான். இதைக் கவனிக்காமல் பத்து முறைகளைப் படித்து வைத்திருப்பவரிடம் கதம்பம் இராது, கலப்படம்தான் இருக்கும்.

இந்தத் துறையில் ரிச்சர்ட் எர்ஸ்கைன் என்பவரின் பெயர் அடிக்கடி வரும். நியூயார்க்கில் 1970களிலிருந்து ஒருங்கிணைந்த உளச்சிகிச்சைக்கென்று ஒரு நிறுவனத்தை நடத்தி வந்தவர். உறவில் மனிதருக்கு வேண்டியவை என்று எட்டுத் தேவைகளைச் சொன்னார். பாதுகாப்பு, மதிப்பு, ஏற்பு போன்றவை எதிர்பார்த்தவைதான். எதிர்பாராதவை மூன்று. எதிராளியிடம் தான் ஒரு தாக்கத்தை உண்டாக்க முடிகிறது என்று உணர்வது. நாம் கேட்காமலே மற்றவர் முன்கை எடுத்து நம்மிடம் வருவது. அன்பைப் பெறுவது மட்டுமின்றி, நாம் காட்டும் அன்பு ஏற்றுக்கொள்ளப்படுவது. கடைசியைப் பாருங்கள். சிகிச்சையின் முடிவில் ஒருவர் "உங்களுக்கு நன்றி" என்று தழுதழுக்கும்போது, "எல்லாம் உங்க உழைப்புதான், நான் ஒன்னும் செய்யல" என்று அடக்கமாகத் தட்டிவிடும் சிகிச்சையாளர், தெரியாமலே ஒரு கதவைச் சாத்துகிறார்.

கணக்கு என்ன சொல்கிறது

உறவுதான் எல்லாம் என்று கொடி பிடிப்பவர்கள் ஒரு எண்ணை அடிக்கடி காட்டுவார்கள்: பலனில் 30 சதவீதம் உறவால், 15 சதவீதம் உத்தியால் என்று. மைக்கேல் லாம்பர்ட் 1992இல் தந்த மதிப்பீடு அது. ஆய்வுகளைப் படித்து அவர் போட்ட உத்தேசக் கணக்கு. தராசில் நிறுத்துப் பார்த்தது மாதிரி அதை எடுத்துக்கொள்ளக்கூடாது.

உறுதியான எண் வேறு. சிகிச்சையாளருக்கும் வருபவருக்கும் இடையிலான கூட்டுறவை எட்வர்ட் போர்டின் 1979இல் மூன்றாகப் பிரித்தார்: எதற்காக வருகிறோம் என்பதில் உடன்பாடு, அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்பதில் உடன்பாடு, இருவருக்கும் இடையில் பிணைப்பு. முதல் இரண்டும் வெறும் பாசம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 2018இல் 295 ஆய்வுகளை, 30,000க்கு மேற்பட்டவர்களை உள்ளடக்கிய தொகுப்பு ஒன்று, இந்தக் கூட்டுறவுக்கும் பலனுக்கும் உள்ள தொடர்பை 0.28 அளவில் கண்டது. எளிமையாகச் சொன்னால், பலனில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில் சுமார் 8 சதவீதத்தை இது விளக்குகிறது. கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் உளச்சிகிச்சை ஆய்வில் திரும்பத் திரும்ப, முறை எதுவானாலும், இவ்வளவு நிலையாகக் கிடைக்கும் எண்கள் குறைவு. ஆள் தேறியதால் உறவு நன்றாகத் தெரிகிறதா, உறவால் தேறியதா என்ற சந்தேகம் வரும். தொடக்க முன்னேற்றத்தைக் கழித்துப் பார்த்த ஆய்வுகளிலும் தொடர்பு மறைந்துவிடவில்லை.

ஆனாலும் உறவு எல்லாவற்றுக்கும் மருந்தில்லை. லிஃப்டில் ஏறப் பயப்படுபவர் என்றைக்காவது லிஃப்டில் ஏறித்தான் ஆக வேண்டும். நாளுக்கு நூறு முறை கை கழுவும் எண்ணச் சுழற்சி நோய்க்கு, பதற்றத்தை எதிர்கொண்டு கழுவாமல் இருக்கப் பழக்கும் முறை 1966இல் விக்டர் மேயர் தொடங்கி வைத்தது. இன்றும் அதுவே முன்னணியில் இருக்கிறது. அன்பாகக் கேட்டுக்கொண்டே ஐந்து வருடம் அதைத் தராமல் இருப்பது அன்பில் சேராது. தீவிரமான மனநோய்களில் மருந்தின் இடத்தையும் பேச்சு பிடிக்காது.

இன்னொரு ஆபத்து உள்ளேயே இருக்கிறது. உறவைக் கருவியாக எடுப்பவர், அந்தக் கருவியால் தன் சொந்தப் பசியைத் தீர்த்துக்கொள்ளக்கூடும். மேலே பாராட்டிய ஃபெரன்ஸியே இதற்குச் சாட்சி. ஒளிவுமறைவின்மையை எல்லைக்குக் கொண்டுபோய், ஒரு மணி நேரம் தான் நோயாளியைப் பரிசோதிப்பது, அடுத்த மணி நேரம் நோயாளி தன்னைப் பரிசோதிப்பது என்று முயன்று பார்த்தார். நடக்காது என்று கண்டு அவரே கைவிட்டார். கடிகாரக் காட்சியில் சிகிச்சையாளர் சொன்னதைத் திரும்பப் படியுங்கள். தன்னைப் பற்றி இரண்டு மூன்று சின்ன வாக்கியம், அதுவும் அந்த நொடிக்குத் தேவையான அளவு. அன்று காலை தன் வீட்டில் என்ன சண்டை என்று சொல்லவில்லை. நேரம், கட்டணம், அறைக்கு வெளியே பழகாமை போன்ற எல்லைகள் உறவுக்கு எதிரானவை என்று சிலர் நினைக்கிறார்கள். எல்லை இருப்பதால்தான் அந்த அறைக்குள் ஒருவர் கோபப்படவோ அழவோ நேசிக்கவோ முடிகிறது, அதனால் வெளியே எதுவும் கவிழ்ந்துவிடாது என்ற நிம்மதியோடு.

ஒரு சிகிச்சையாளரிடம் புதிதாகப் போகிறவர் என்னிடம் கேட்டால், பட்டங்களைச் சரிபார்த்த பிறகு ஒன்று செய்து பார்க்கச் சொல்வேன். மூன்றாவது நான்காவது சந்திப்பில், பிடிக்காத ஒன்றைச் சொல்லிப் பாருங்கள். "போன வாரம் நீங்க சொன்னது எனக்கு ஒட்டல." சின்ன விஷயமாக இருக்கட்டும். அவர் விளக்கம் சொல்லிச் சமாளிக்கிறாரா, புண்பட்டுப் போகிறாரா, உடனே உங்கள் குறையாகத் திருப்புகிறாரா, இல்லை நாற்காலியில் கொஞ்சம் முன்னால் வந்து "எது ஒட்டலன்னு சொல்லுங்க" என்கிறாரா? அதிலேயே நிறையத் தெரிந்துவிடும்.

தேறுவது என்பது எப்படி இருக்கும்? கடந்த காலம் மாறிவிடாது. 1980களில் மேரி மெய்ன் என்ற ஆய்வாளரும் சகாக்களும் பெரியவர்களிடம் அவர்களுடைய சிறுவயதைப் பற்றி விரிவாகக் கேட்டபோது ஒன்றைக் கவனித்தார்கள். என்ன நடந்தது என்பதைக் காட்டிலும், நடந்ததை எப்படிச் சொல்கிறார் என்பதே அவர் தன் குழந்தையோடு எப்படி இருப்பார் என்பதைக் காட்டிக்கொடுத்தது. கொடுமையான சிறுவயது இருந்தும், அதை மழுப்பாமல், அதில் மூழ்கியும் போகாமல், கோவையாகச் சொல்ல முடிந்தவர்கள் இருந்தார்கள். பிறப்பில் கிடைக்காத பாதுகாப்பைப் பிறகு சம்பாதித்துக்கொண்டவர்கள் என்று இவர்களை இத்துறையில் சொல்கிறார்கள். ஒரு நல்ல ஆசிரியரிடமோ, துணையிடமோ, சிகிச்சையாளரிடமோ சம்பாதித்தது. அன்றாடத்தில் இது சின்னச் சின்னதாகத்தான் தெரியும். "இன்னைக்கு எனக்கு முடியல, நீங்க பாருங்க" என்று சொல்லிவிட்டு அப்புறம் இரவெல்லாம் உறுத்தாமல் தூங்குவது போல.

பிரியும் விதமும் சிகிச்சையில் சேர்ந்தது. பரவாயில்லை என்று வாழ்ந்தவர்கள் பல சமயம் கடைசிச் சந்திப்புக்கு மட்டும் வராமல் இருந்துவிடுவார்கள். காய்ச்சல், வேலை, மறந்துவிட்டது. ஆண்டனி ரைல் பிரிட்டனில் உருவாக்கிய அறிவாற்றல் பகுப்பாய்வுச் சிகிச்சை இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. அதுவும் ஒருங்கிணைப்பில் பிறந்த குழந்தைதான். பெரும்பாலும் 16 சந்திப்புகள், முடியும் தேதி முதலிலேயே தெரியும். நான்காவது சந்திப்பை ஒட்டி, தான் இதுவரை புரிந்துகொண்டதைச் சிகிச்சையாளர் கடிதமாக எழுதி வாசித்துக் காட்டுவார். முடிவில் இருவரும் விடைபெறும் கடிதம் எழுதி மாற்றிக்கொள்வார்கள். கிடைத்தது மட்டும் அதில் இராது. கிடைக்காமல் போனது, ஏமாற்றம் தந்தது, மனதில் குத்தியது எல்லாவற்றுக்கும் இடம் உண்டு.

நம் பெண் அப்படி ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தால், கடிகாரம் அதில் வரும் என்றுதான் நினைக்கிறேன். பரவாயில்லை என்ற சொல்லும் ஒரு முறை வரலாம், அடித்துவிட்டு வேறொன்று எழுதியிருப்பார்.